ரெண்டடி ரீஃப் டேங்க்ல ஃபில்டரையும் தண்ணி ஓட்டத்தையும் மாத்தினா என்ன நடக்குது

சேலத்துல பவளம் (கோரல்) வளக்கற உப்புத்தண்ணி டேங்க், அதாவது ரீஃப் டேங்க், வச்சிருக்கேன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது கடல் தண்ணிய எங்கிருந்து கொண்டு வரீங்கன்னுதான், ரெண்டாவது கேள்வி எந்த ஃபில்டர் போட்டிருக்கீங்க. முதல் கேள்விக்கு பதில் சுலபம், ஆர்ஓ தண்ணியில ரீஃப் உப்பு கலக்கறோம், லிட்டருக்கு 35 கிராம் கரைஞ்ச உப்பு இருக்கற மாதிரி. ரெண்டாவதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுத வேண்டியிருக்கு, ஏன்னா டேங்க் வாங்கறப்போ ஃபில்டர்னு குடுத்த சாமான்ல முக்கால்வாசிய நான் வெளிய எடுத்துட்டேன், அதுக்கப்புறம்தான் தண்ணி ஒழுங்காச்சு. ஏன் எடுக்கறோம்னு புரியாம எடுத்தா மீன் போயிடும், அதனால இந்த ஏன்ங்கறதத்தான் முதல்ல பாக்கணும்.

என்னோடது 2 அடி நீளம், அகலமும் உயரமும் ஒண்ணேகால் அடி. கணக்கு போட்டா 88 லிட்டர் வரும், கல்லு மணல் போக, மேல விட்ட இடம் போக, உண்மையா நிக்கற தண்ணி 70 லிட்டர்தான். பின்னாடி ஒரு கருப்பு தடுப்பு, அதுக்குள்ள மூணு அறை. முன்னாடி தண்ணி சீப்பு மாதிரி வெட்டின இடுக்கு வழியா முதல் அறைக்குள்ள விழும், ரெண்டாவது அறையில ஸ்பாஞ்சும் செராமிக் ரிங்கும், மூணாவதுல ரிட்டர்ன் பம்ப், அது திரும்ப முன்னாடி தள்ளும். ரெண்டு கிளவுன் மீன், ஒரு ஹெர்மிட் நண்டு, நத்தைங்க, அப்புறம் சோவாந்தஸ், மஷ்ரூம் கோரல், ஒரு லெதர் கோரல் (மூணும் கல்லு மாதிரி இல்லாத மெத்து வகை, சாஃப்ட் கோரல்னு சொல்றது), இவ்ளோதான் குடித்தனம்.

ஃபில்டர்ங்கற சொல்லே நம்மள தப்பா யோசிக்க வைக்குது. காபி வடிகட்டற மாதிரி அழுக்க புடிச்சு நிறுத்தற சாமான்னு நினைக்கறோம். ஆனா மீன் டேங்க்ல மீனக் கொல்ற அழுக்கு கண்ணுக்கு தெரியாது. மீன் செவுள் வழியா விடற அமோனியா, மிச்சம் போன தீனி அழுகி வர்ற அமோனியா, அதுதான் விஷம். உப்புத்தண்ணியில இது இன்னும் மோசம், ஏன்னா பிஹெச் 8.1ல இருந்து 8.4க்குள்ள வைக்கறோம், பிஹெச் ஏற ஏற அமோனியாவோட விஷ ரூபம் கூடுது. பிஹெச் 7 இருக்கற நல்ல தண்ணி டேங்க்ல மொத்த அமோனியால 100க்கு 1 பங்கு கூட விஷ ரூபத்துல இருக்காது, நம்ம டேங்க்ல அது பல மடங்கு, சூடு ஏறினா அதுக்கும் மேல. இந்த அமோனியாவ ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்குது, இன்னொரு வகை அத நைட்ரேட் ஆக்குது. ரெண்டுக்கும் தேவை ஒட்டிக்க ஒரு சொரசொரப்பான இடம், அங்க விடாம ஆக்சிஜனோட தண்ணி வந்து போகணும். அந்த இடம் செராமிக் ரிங்கா இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. டேங்க்குள்ள இருக்கற கல்லே போதும், 70 லிட்டருக்கு ஆறேழு கிலோ துளை நிறைஞ்ச கல்லு இருந்தா ரெண்டு சின்ன மீனோட அமோனியாவ அது சாப்பிட்டுரும்.

கல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு, இதுதான் முக்கியம். துளைத்துளையா இருக்கறதால மேல்பக்கம் ஆக்சிஜன் இருக்கும், ஒரு அளவுக்கு உள்ள போனா ஆக்சிஜன் தீர்ந்துரும். அந்த உள்பக்கம் வாழற பாக்டீரியா நைட்ரேட்டையே உடைச்சு நைட்ரஜன் வாயுவா வெளிய விட்டுரும். அப்போ மேல தோல்ல உண்டான நைட்ரேட் அங்கேயே உள்ள இறங்கி காலியாகுது. ரிங்கும் பயோ பாலும் (பாக்டீரியா ஒட்டிக்க போடற பிளாஸ்டிக் பந்து) வச்ச அறையில வேகமா தண்ணி ஓடும், ஆக்சிஜன் ஏகத்துக்கும் இருக்கும், அதனால வேலை நைட்ரேட் வரைக்கும் வந்து நின்னுரும், அந்த நைட்ரேட் டேங்க்லயே சேரும். பயோ பால் நைட்ரேட் ஃபேக்டரின்னு பேசிக்கறாங்களே, அதுல பாதி உண்மைதான் இருக்கு. அதே அளவு அமோனியாவுக்கு அதே அளவு நைட்ரேட்தான் வரும், எங்க செஞ்சாலும். ஆனா அந்த பந்துங்களுக்கு நடுவுல தீனியும் மீன் கழிவும் மாட்டி அழுகி அமோனியாவா மாறிட்டே இருக்கறதும், உண்டான நைட்ரேட்ட உடைக்க பக்கத்துல ஆள் இல்லாததும் சேர்ந்துதான் பிரச்சனை. ஸ்பாஞ்சும் அதே கதைதான், மாசத்துக்கு ஒருதரம் கழுவற ஸ்பாஞ்ச் 29 நாள் குப்பைய தண்ணிக்குள்ளயே வச்சிருக்கு. தண்ணி அந்த குப்பை வழியாத்தான் 24 மணி நேரமும் போகுது, நாம அத ஃபில்டர்னு சொல்லிட்டு இருக்கோம்.

கல்லுன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லிடணும். ராமேஸ்வரம் தூத்துக்குடி போயிட்டு வரும்போது கடற்கரையில கிடந்த பவளக்கல்ல பையில போட்டு எடுத்துட்டு வர்றவங்கள பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வேண்டாம். ரீஃப் கட்டற கல் பவளம் எல்லாத்தையும் 2001ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்துட்டாங்க, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவுல இருக்கற 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா. சிமெண்ட், செராமிக்ல செஞ்ச ரீஃப் கல்லு கிடைக்குது, பாக்டீரியாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஊறி பழகறதுக்கு ரெண்டு மூணு மாசம் கூட ஆகும், அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, கல்லுதான் ஃபில்டர்னா அப்போ அந்தக் கல்லுகிட்ட அழுக்குத்தண்ணிய கொண்டு போய் சேக்கறது யாரு? தண்ணி ஓட்டம்தான். இந்த இடத்துலதான் எனக்கே ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு, ஃபில்டர் தனி, ஓட்டம் தனின்னு நினைச்சிட்டிருந்தேன், கோரல் அழகா ஆடறதுக்கு வேவ் மேக்கர் (டேங்க்குள்ளயே தண்ணிய அலை மாதிரி தள்ளற சின்ன பம்ப்), தண்ணி சுத்தத்துக்கு ஃபில்டர்னு. ரெண்டும் ஒரே வேலையோட ரெண்டு முனை. கல்லுக்கு பின்னாடி ஓட்டம் இல்லாத மூலை ஒண்ணு இருந்தா அங்க இருக்கற கல்லு ஃபில்டர் கணக்குல சேராது, அங்க குப்பை படியும், சிவப்பு பாசி பாய் விரிச்ச மாதிரி புடிக்கும்.

கோரலுக்கு ஓட்டம் ஏன் வேணும்ங்கறத எங்க சேலம் அம்மாபேட்டை பக்கம் சாயம் போட்ட நூல காயப்போடறத பாத்தா புரியும். வெயில் எவ்ளோ அடிச்சாலும் காத்து நின்னுட்டா நூல் சீக்கிரம் காயாது, ஏன்னா நூலை ஒட்டி ஒரு ஈரக்காத்து படலம் அப்படியே நிக்கும், அத காத்து வந்து தள்ளினாத்தான் அடுத்த ஈரம் வெளிய வரும். தண்ணிக்குள்ள கோரல் மேலயும் இப்படி ஒரு மெல்லிசு படலம் நகராம நிக்குது. ஆக்சிஜன் உள்ள வரணும்னாலும் கழிவு வெளிய போகணும்னாலும் இந்தப் படலத்த தாண்டித்தான். ஓட்டம் நல்லா இருந்தா படலம் மெலிசாகும், கோரல் மூச்சு விடும். அதே நேரம் ஒரே பக்கமா பைப்புல இருந்து பீச்சி அடிச்சா ஒரு பக்கம் சதை கிழியும், மறு பக்கம் குப்பை சேரும். கடல்ல அலை போகுது வருது, போகுது வருது, அதனாலதான் ரெண்டு பக்கமும் கழுவுது. நாம டேங்க்ல செய்ய வேண்டியது வேகத்த கூட்டறது இல்ல, திசைய மாத்தி மாத்தி விடறது.

இப்போ அளவுக்கு வருவோம். பொதுவா சொல்றது என்னன்னா, பின்னாடி அறை வழியா மணிக்கு டேங்க் கொள்ளளவு மாதிரி 5ல இருந்து 10 மடங்கு தண்ணி போனா போதும், டேங்க்குள்ள மொத்த சுழற்சி சாஃப்ட் கோரலுக்கு 10, 20 மடங்கு, கல் பவளம் மாதிரி வேகம் கேக்கறதுக்கு அதுக்கும் மேல. இதுல நாம ஏமாறற இடம் பம்ப் டப்பா மேல போட்டிருக்கற நம்பர். அது பைப்பு இல்லாம, உயரம் இல்லாம, புது பம்ப்ல கிடைக்கற நம்பர். என்னோட பம்ப் மேல 800 லிட்டர்னு போட்டிருந்துச்சு. ஒருநாள் அவுட்லெட்ட கழட்டி ஒரு ஹோஸ் மாட்டி, அதே உயரத்துல புடிச்சு, 5 லிட்டர் பக்கெட்ட நிரப்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு போன்ல பாத்தேன், 45 செகண்ட். அதாவது மணிக்கு 400 லிட்டர். பாதி! 70 லிட்டருக்கு 6 மடங்கு கூட இல்ல.

பம்ப்ப கழட்டினா உள்ள இம்பெல்லர்ல (தண்ணிய தள்ளற குட்டி விசிறி) வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு போயிருக்கு. வெள்ளை வினிகர்ல தண்ணி கலந்து ஒரு மணி நேரம் ஊற வச்சு பல்லு தேய்க்கற பிரஷ்ல தேய்ச்சு மாட்டினேன், 32 செகண்ட், அதாவது 560 லிட்டர். காசு செலவே இல்லாம கிடைச்ச ஓட்டம் இது, புது பம்ப் வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் இத ஒருதரம் செஞ்சு பாக்கணும். அடுத்தது பைப்பு. அரை இன்ச் பைப்புல ரெண்டு எல்போ போட்டு இருந்துச்சு. எங்க தெரு பிளம்பர் அண்ணன்கிட்ட காட்டினேன், பாத்த உடனே சொன்னாரு, "ஏன் தம்பி இத்துனூண்டு தூரத்துக்கு ரெண்டு எல்போ, முக்கா இன்ச் ஹோஸ வளைச்சு விட்டா ஆச்சு, தண்ணி அதுபாட்டுக்கு போகும்ல." அவரு சொன்னதுக்கு பின்னாடி பெரிய கணக்கு இருக்கு. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொரு வளைவுலயும் பஸ் வேகத்த முழுசா விட்டுட்டு மறுபடி கியர் மாத்தி ஏறணும், தண்ணிக்கு ஒவ்வொரு எல்போவும் அப்படித்தான். பைப்பு உரசல்ல போற அழுத்தம் இருக்கே, அது விட்டம் குறைய குறைய பயங்கரமா ஏறும், அதே அளவு தண்ணிய பாதி விட்டத்துல தள்ளணும்னா சுமார் 30 மடங்கு இழப்பு. அரை இன்ச்ல இருந்து முக்கா இன்ச்சுக்கு வந்து ஒரு எல்போவ எடுத்ததும் 26 செகண்ட், கிட்டத்தட்ட 690 லிட்டர். அதே பம்ப், அதே கரண்ட் பில்.

பைப்பு வேலை செய்யறப்போ ஒரு எச்சரிக்கை, பித்தளை வால்வு, செம்பு ஃபிட்டிங் எதுவும் உப்புத்தண்ணியில படவே கூடாது. செம்பு கரைஞ்சா நத்தை, நண்டு, கோரல் எல்லாத்துக்கும் விஷம், ரொம்ப கொஞ்சம் போதும். ஸ்டீல் கிளாம்ப் கூட துரு புடிக்கும், நைலான் டை போட்டு இறுக்கிட்டா போதும்.

அடுத்து ரெண்டாவது அறை. இதுல அவசரப்படவே கூடாது, ஏன்னா பழைய டேங்க்ல பாக்டீரியா பாதி அந்த ரிங்லதான் குடியிருக்கும். ஒரே நாள்ல எடுத்தா அமோனியா ஏறும். நான் வாரத்துக்கு ஒரு கை ரிங்னு எடுத்தேன், எடுத்த மூணாவது நாள் அமோனியா டெஸ்ட், ஜீரோன்னு வந்தாத்தான் அடுத்த கை. ஏழு வாரம் ஆச்சு. கல்லுல இருக்கற பாக்டீரியா பெருகி அந்த வேலைய எடுத்துக்க அவ்ளோ நேரம் வேணும். ஸ்பாஞ்சுக்கு பதிலா ஃபில்டர் பஞ்சு, வெள்ளையா ரோலா வருமே அது, தண்ணி விழற முதல் இடத்துலயே வச்சேன், மூணு நாளைக்கு ஒருதரம் தூக்கி போட்டுட்டு புதுசு. கழுவறது இல்ல. குப்பை அழுகறதுக்கு முன்னாடி அது வீட்ட விட்டே வெளிய போயிரும், இதுதான் மொத்த விஷயமே. அதுக்கு கீழ ஒரு சின்ன வலைப்பையில ஆக்டிவேட்டட் கார்பன். சாஃப்ட் கோரல் வச்சிருக்கறவங்க கார்பன விடவே கூடாதுன்னு நான் சொல்வேன், லெதர் மாதிரி கோரலுங்க பக்கத்து கோரல துரத்த ரசாயனம் விடும், சின்ன டேங்க்ல அது சீக்கிரம் சேரும்.

மிச்சம் இருந்த இடத்துல கீட்டோ பாசி போட்டேன், பச்சை நூல்கண்டு மாதிரி இருக்கும். பின்பக்க கண்ணாடியில கருப்பு ஸ்டிக்கர ஒரு கை அளவுக்கு சுரண்டிட்டு வெளிய இருந்து ஒரு எல்இடி லைட். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அது சாப்பிட்டு வளரும், வளந்தத கைப்பிடி கிள்ளி வெளிய எடுத்தா அழுக்கும் சேர்ந்து வெளிய போயிரும். அந்த லைட்ட ராத்திரியில எரிய விடறேன், முன்னாடி லைட் அணைஞ்ச நேரத்துல. ராத்திரி எல்லாரும் கரியமில வாயு விடறதால பிஹெச் இறங்கும், பாசி மட்டும் அப்ப அத இழுத்துக்கும், அதனால இறக்கம் கம்மியாகுது. ஸ்கிம்மர் (நுரை கிளப்பி கழிவ பிரிச்சு எடுக்கற சாமான்) பத்தி கேக்கறவங்களுக்கு, 70 லிட்டர்ல வாரம் 7 லிட்டர் தண்ணி மாத்தறவங்களுக்கு அது கட்டாயம் இல்லங்கறது என் அபிப்பிராயம். மீன் நாலஞ்சு இருந்தா கதை வேற.

வேவ் மேக்கர் ஒண்ணு சின்னதா, 6 வாட்ல மணிக்கு 3000 லிட்டர்னு போட்டது. நம்பர பாத்தா 40 மடங்குக்கு மேல வருது, சாஃப்ட் கோரலுக்கு அதிகம்னு தோணும், ஆனா அது பைப்பு மாதிரி ஒல்லியா பீச்சாது, விசிறி மாதிரி அகலமா தள்ளும், வேகத்த குறைச்சும் வைக்கலாம். எங்க வைக்கறதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. முதல்ல ஒரு பக்க சுவத்துல நடுவுல வச்சு நேரா கல்லு மேல அடிச்சேன், சோவாந்தஸ் ரெண்டு நாள் மூடியே கிடந்துச்சு, மணல் ஒரு மூலையில குழி விழுந்து கீழ கண்ணாடி தெரிஞ்சுது. அப்புறம் மேல் மூலைக்கு ஏத்தி, எதிர் கண்ணாடியில பட்டு திரும்பற மாதிரி சாய்ச்சேன். தண்ணி மேல்பக்கமா போயி, அந்தப் பக்க கண்ணாடியில இறங்கி, அடியில கல்லுக்கு நடுவுல திரும்பி வரும், மொத்த டேங்க்கும் ஒரு உருளை மாதிரி சுத்தும். இதுக்கு கல்லு அடுக்கறதும் மாறணும், பின்பக்க தடுப்புல ஒட்டி சுவர் மாதிரி அடுக்கி வச்சிருந்தேன், அத பிரிச்சு ரெண்டு குவியலா, நடுவுல ஒரு சந்து, பின்னாடி ரெண்டு விரல் இடைவெளி. கல்ல நகத்தினதுல கிடைச்ச ஓட்டம் எந்த பம்ப் வாங்கினாலும் கிடைச்சிருக்காது. பண்ணிட்டு மெடிக்கல்ல வாங்கின 60 எம்எல் சிரிஞ்சுல மூலை மூலையா பீச்சி பாத்தேன், கிளம்பற தூசி சீப்பு வரைக்கும் போய் சேருதா, இல்ல திரும்ப அதே இடத்துல உக்காருதான்னு. உக்காந்தா அந்த மூலை இன்னும் செத்த மூலைதான். வேவ் மேக்கர 20 செகண்ட் ஓட்டம், 10 செகண்ட் நிறுத்தம்னு வச்சா நிக்கற நேரத்துல ரிட்டர்ன் பம்ப்போட ஓட்டம் மட்டும் எதிர்ப்பக்கமா இழுக்கும், கோரல் ரெண்டு பக்கமும் ஆடும்.

இப்ப நம்ம ஊரு விஷயத்துக்கு வரேன், சூடு. சித்திரை வைகாசியில வெளிய 38, 40 டிகிரி, டேங்க் 26 கிட்ட இருக்கணும், 30 தாண்டினா கோரல் கஷ்டப்படும். தண்ணிக்குள்ள முங்கி ஓடற பம்ப் எத்தனை வாட் இழுக்குதோ அதெல்லாம் கடைசியில தண்ணிய சூடு பண்ணத்தான் போகுது, வேற எங்கயும் போக வழி இல்ல. 70 லிட்டர்ல 25 வாட் பம்ப் ஓடினா, வெளிய ஒண்ணுமே போகலன்னு வச்சா, மணிக்கு மூணுல ஒரு பங்கு டிகிரி ஏறும். அதனால ஓட்டம் வேணும்னு பெரிய முங்கு பம்ப் வாங்கறத விட குறைஞ்ச வாட்ல அகலமா தள்ளற வேவ் மேக்கர் நம்ம ஊருக்கு சரி.

சூட இறக்கறதுக்கு மண்பானை என்ன செய்யுதோ அதத்தான் நாமளும் செய்யணும். 1 லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 2400 கிலோஜூல் சூட எடுத்துக்கும், ஒரு நாள்ல 1 லிட்டர் ஆவியானா 24 மணி நேரமும் 28 வாட் அளவுக்கு குளிர்ச்சி நடந்துட்டே இருக்குன்னு அர்த்தம். நம்ம கோடை காத்து வறண்ட காத்து, அதனால தண்ணி மேல ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் வச்சா சேலத்துல நல்லா வேலை செய்யும், கடல் ஓரத்து புழுக்கத்துல அதே ஃபேன் இவ்ளோ இறக்காது. எனக்கு 31ல இருந்து 28க்கு வந்துச்சு, மூடிய எடுத்துட்டு வலை போட்டதும் சேர்ந்து.

ஆனா ஆவியாகறது நல்ல தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே நிக்கும். 35ல இருந்த உப்பு 1 லிட்டர் போனா 35.5, மூணு நாள் விட்டா 36.6. அது மட்டும் இல்ல, இந்த மாதிரி பின்னாடி அறை வச்ச டேங்க்ல முன்னாடி மட்டம் இறங்கவே இறங்காது, சீப்பு அத புடிச்சு வச்சிருக்கும், இறங்கறதெல்லாம் பம்ப் இருக்கற கடைசி அறையிலதான். என் டேங்க்ல அந்த அறை 10க்கு 12 சென்டிமீட்டர். 1 லிட்டர் போனா அங்க 8 சென்டிமீட்டருக்கு மேல மட்டம் இறங்குது. போன வைகாசியில ஒரு கல்யாணத்துக்கு ஒரு நாள் போயிட்டு வந்தேன், வந்து பாத்தா பம்ப் காத்த இழுத்து டேங்க் முழுக்க சின்னச் சின்ன குமிழி, பால் ஊத்தின மாதிரி, பம்ப் தொட முடியாத சூடு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும்.

அதுக்கு சென்சார் வச்ச ஆட்டோ டாப் அப் (மட்டம் இறங்கினா தானா தண்ணி ஊத்தற சாமான்) வாங்கலாம், நான் கோழிக்கு வைக்கற தண்ணி டப்பாவ பாத்து செஞ்சேன். நாமக்கல் பக்கம் கோழி வளக்கறவங்களுக்கு சொல்லவே வேண்டாம், கவுத்து வச்ச டப்பா, கோழி குடிச்சு மட்டம் இறங்கினா வாய் வழியா ஒரு காத்துக்குமிழி உள்ள போகும், அந்த அளவுக்கு தண்ணி கீழ இறங்கும், மட்டம் வாய மூடினதும் நின்னுரும். கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். 5 லிட்டர் கேன்ல ஆர்ஓ தண்ணி, மூடியில ஒரு குழாய், அத கடைசி அறையில சரியான மட்டத்துல நிறுத்தி கவுத்து வச்சா நாலஞ்சு நாளைக்கு கவலை இல்ல. கேன் மேல வெயில் படக்கூடாது, உள்ள காத்து சூடாகி விரிஞ்சா தண்ணிய தள்ளிடும்.

இந்த ஆர்ஓ தண்ணி பத்தியும் ஒரு வார்த்தை. சேலத்துல வெள்ளக்கல் சுரங்கம் இருக்கற மண்ணு இது, போர் தண்ணி பல இடத்துல நல்ல கடினம், எங்க வீட்டு போர் தண்ணியில டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்பு, தாது எல்லாம் சேர்ந்த அளவு) 1400 காட்டுது. மேட்டூர் தண்ணி தேவலாம், ஆனா குளோரின் இருக்கும். வீட்டு ஆர்ஓ மெஷின்ல குடிக்கறதுக்கு ருசியா இருக்கணும்னு கொஞ்சம் பழைய தண்ணியவே திரும்ப கலக்கற ஏற்பாடு இருக்கும், டேங்க்குக்கு அதுக்கு முன்னாடியே பைப்புல ஒரு டீ ஜாயிண்ட் போட்டு எடுக்கணும், முடிஞ்சா மிச்ச உப்பையும் புடிச்சுக்கற டிஐ ரெசின் குழாய் வழியா விட்டு டிடிஎஸ் ஜீரோ ஆக்கணும். தினமும் 1 லிட்டர் ஆவியாகி 1 லிட்டர் ஊத்தறோம், ஊத்தறதுல இருக்கற சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் ஆவியாகாது, மாசத்துக்கு 30 லிட்டர் தண்ணியோட அழுக்கு உள்ள சேரும், அப்புறம் ஃபில்டர எவ்ளோ மாத்தினாலும் பாசி போகாது.

ஏற்காட்டுல என் கூட படிச்சவன் ஒருத்தன் இதே அளவு டேங்க் வச்சிருக்கான், அவனுக்கு பிரச்சனை எல்லாம் தலைகீழ். அங்க ஹீட்டர் இல்லாம முடியாது, பனியில ஆவியாகறது ரொம்ப கம்மி. ஒருநாள் போன்ல, "மாப்ள, தண்ணி குளிரு, ஆக்சிஜன் நல்லா கரையும்தான, பின்ன ஏன்டா காலையில மீனு மேல வந்து வாய வாய தொறக்குது?"ன்னு கேட்டான். ரெண்டு காரணம். ஹீட்டர் போட்டு அவனும் 26லதான் வச்சிருக்கான், குளிரோட லாபம் அவனுக்கு இல்ல. ரெண்டாவது, ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கீழ இருக்கறத விட ஆறுல ஒரு பங்கு கம்மி, கரையற ஆக்சிஜனும் அதே பங்கு கம்மியாகும். 25 டிகிரியில நல்ல தண்ணி லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரைக்கும் ஆக்சிஜன் புடிக்கும், கடல் தண்ணி 6.7தான், அவன் ஊர்ல அது 5.6 கிட்ட. வேவ் மேக்கர மேல திருப்பி தண்ணி மட்டம் நல்லா கலங்கற மாதிரி வைக்கச் சொன்னேன், குளிருக்கு பயந்து சாத்தி வச்ச ஜன்னல பகல்ல கொஞ்சம் தொறக்கவும் சொன்னேன், சரியாச்சு. ஆக்சிஜன் ஃபில்டர் வழியா வராது, மேல்மட்டம் வழியாத்தான் வரும், எண்ணெய் மாதிரி ஒரு ஏடு படிஞ்சிருந்தா அதுவும் அடைஞ்சுக்கும்.

அவன் டேங்க்குக்கு கீழ ஒரு பிளாஸ்டிக் டப் வச்சு சம்ப் பண்ணியிருக்கான். ஐப்பசி மழையில கரண்ட் போனப்போ வீடெல்லாம் உப்புத்தண்ணி. ரிட்டர்ன் பைப்பு வாய் தண்ணிக்குள்ள 5 சென்டிமீட்டர் ஆழத்துல இருந்துச்சு, பம்ப் நின்னதும் அதே பைப்பு வழியா தண்ணி தானா திரும்ப இழுபட்டு, அதாவது சைஃபன் ஆகி, அந்த 5 சென்டிமீட்டரும் கீழ இறங்கிருச்சு, 2 அடி டேங்க்ல அது 11 லிட்டருக்கு மேல, டப்ல அவ்ளோ இடம் இல்ல. தண்ணி மட்டத்துக்கு ஒரு விரல் கீழ அந்த பைப்புல சின்ன ஓட்டை போட்டா மட்டம் அங்க வந்ததும் காத்து புகுந்து சைஃபன் நின்னுரும், ஆனா அந்த ஓட்டைய வாரா வாரம் பிரஷ்ல குத்தி விடணும், நத்தை போய் உக்காந்தாலே அடைச்சிரும்.

கரண்ட் போற நேரத்துக்கு இன்வெர்ட்டர்ல எல்லாத்தையும் மாட்டாதீங்க. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஏசி பம்ப் உறுமும், சூடாகும். அடாப்டர் வச்ச டிசி வேவ் மேக்கர் ஒண்ண மட்டும் மாட்டினா 6 வாட்ல ராத்திரி பூரா ஓடும், கல்லுக்கும் தண்ணி போகும், மேல்மட்டமும் கலங்கும், பின்னாடி அறை நின்னா ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது. கோடையில விடியக்காலம் 4 மணிதான் ஆபத்தான நேரம், சூடான தண்ணி, ராத்திரி பூரா எல்லாரும் மூச்சு விட்டு ஆக்சிஜன் தீர்ந்திருக்கும்.

மாத்த ஆரம்பிக்கறப்போ எங்கிட்ட நைட்ரேட் 40 பிபிஎம்ல (பத்து லட்சத்துக்கு 40 பங்கு) நின்னுச்சு, தண்ணி எவ்ளோ மாத்தினாலும் ஒரு வாரத்துல திரும்ப அங்கேயே வரும். ஸ்பாஞ்ச் போயி, ரிங் முழுசா போயி, கல்ல பிரிச்சு வச்சு, மூணு மாசம் கழிச்சு 10. இப்ப அதுக்கு கீழ போக விடறது இல்ல, சோவாந்தஸுக்கும் மஷ்ரூமுக்கும் கொஞ்சம் நைட்ரேட் வேணும், சுத்தமா இல்லாம போனா நிறம் வெளுத்துரும். கீட்டோ லைட்ட ராத்திரி 10 மணி நேரத்துல இருந்து 7 மணி நேரமா குறைச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை டெஸ்ட் பண்ணி பாத்துட்டு 6க்கு கொண்டு வரணுமான்னு முடிவு பண்ணணும்.